விதைநெல்லுக்குக் காவல் வைத்த சட்டம்

1862 ஜூலை 2. அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரண்டாவது கோடைக்காலம். ரிச்மண்ட் நகரைப் பிடிக்கப் போன வடக்குப் படை ஏழு நாள் தொடர்ந்து சண்டையிட்டுக் களைத்து, ஜேம்ஸ் ஆற்றங்கரைக்குப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. நாடு ஒன்றாக நிலைக்குமா என்பதே கேள்வியாக இருந்த அந்த நாளில், ஆபிரகாம் லிங்கன் கல்லூரிகள் பற்றிய ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒவ்வொரு மாநிலத்துக்கும் மத்திய அரசு நிலம் கொடுக்கும். அதை விற்று வரும் பணத்தின் வட்டியில் உழவும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் கல்லூரி ஒன்றையாவது மாநிலம் நடத்த வேண்டும். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஜஸ்டின் ஸ்மித் மோரில். வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்ட்ராஃபோர்டு என்ற சிற்றூரிலிருந்து வந்த உழவர். தாம் எந்தக் கல்லூரியிலும் படிக்காதவர். இன்று அமெரிக்காவின் பெரும் பொதுப் பல்கலைக்கழகங்கள் பல அவருடைய சட்டத்தால் பிறந்தவை, அல்லது வளர்ந்தவை. இதை ஒரு தாராள மனத்தின் கொடை என்று சொல்வதே வழக்கம். எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை. நிலத்தைத் தாராளமாக அள்ளிக் கொடுத்த சட்டங்கள் அமெரிக்காவில் பல உண்டு. அவற்றில் பெரும்பாலானவை விட்டுச் சென்றவை இருப்புப்பாதைகளும் வேலி போட்ட பண்ணைகளும்தான். மோரிலின் சட்டம் நின்று நிலைத்ததற்குக் காரணம் அதன் நடுவே இருந்த ஒரு கட்டுப்பாடு. விதைக்கு வைத்ததைத் தின்னக் கூடாது என்ற உழவனின் விதியை அது அரசாங்கத்தின் மேல் சுமத்தியது. அந்த விதி எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம் செல்லுபடியானது, எதைக் கவனிக்காமல் விட்டது என்று பார்ப்பதே மோரிலின் வாழ்க்கையைப் படிக்கும் சரியான வழி.

மோரில் 1810இல் பிறந்தார். தந்தை ஊர்க் கொல்லர். பட்டறை வருமானத்தில் எல்லா மகன்களையும் கல்லூரிக்கு அனுப்ப முடியாது என்பதால் ஒருவரையும் அனுப்பவில்லை. பதினைந்து வயதோடு மோரிலின் பள்ளிப் படிப்பு நின்றது. ஊர்ப் பெரியவரான ஜெடிடயா ஹாரிஸ் என்பவரின் கடையில் எழுத்தராகச் சேர்ந்தார். சில காலம் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்து துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, 1831இல் அதே ஹாரிசுக்குப் பங்காளியானார். ஊர்ப்புறக் கடை என்பது அக்காலத்தில் வெறும் விற்பனை இடமாக இருக்கவில்லை. உழவர்கள் விதைப்புக்கு முன் கடன் சொல்லிப் பொருள் வாங்குவார்கள். கம்பளி வெட்டிய பிறகோ கதிர் அறுத்த பிறகோ கணக்கை நேர் செய்வார்கள். ஊரில் எந்தக் குடும்பம் செழிக்கிறது, எந்தக் குடும்பம் முதலைத் தின்று காலம் தள்ளுகிறது என்பது பேரேட்டைப் புரட்டுகிறவனுக்குத் தெரிந்துவிடும். பதினேழு ஆண்டுகள் அந்தப் பேரேட்டைப் பார்த்த மோரில், 1848இல், முப்பத்தெட்டு வயதில், போதுமான சேமிப்போடு வணிகத்தை விட்டு விலகி உழவில் இறங்கினார்.

அந்தப் பதினேழு ஆண்டுகளில் வெர்மான்ட்டுக்கு என்ன நடந்தது என்பது முக்கியம். 1811இல் வில்லியம் ஜார்விஸ் என்ற தூதர் ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து மெரினோ செம்மறியாடுகளை வெர்மான்ட்டுக்குக் கொண்டுவந்தார். அடுத்த முப்பது ஆண்டுகளில் மலைச்சரிவுக் காடுகள் வெட்டப்பட்டு மேய்ச்சல் நிலங்களாயின. 1840இல் மாநிலத்தின் மக்கள்தொகை சுமார் 2,92,000; செம்மறிகள் 16 லட்சத்துக்கு மேல். ஆளுக்கு ஏறக்குறைய ஆறு ஆடு! பிறகு இறக்கம். ஈரி கால்வாய் வழியாக மேற்கின் மலிவான கோதுமை கிழக்குச் சந்தைக்கு வந்தது. 1846இல் இறக்குமதித் தீர்வை குறைந்தது, கம்பளி விலை விழுந்தது, மந்தைகள் சுருங்கின. மரம் இழந்த சரிவுகளில் மேல்மண் கரைந்து ஓடியது. இளைஞர்கள் ஒஹையோவுக்கும் இல்லினாய்சுக்கும் வண்டி கட்டினார்கள். 1850இல் 3,14,120 ஆக இருந்த வெர்மான்ட்டின் மக்கள்தொகை 1860இல் 3,15,098. பத்து ஆண்டுகளில் ஆயிரம் பேர்கூடக் கூடவில்லை. அதே காலத்தில் நாட்டின் மக்கள்தொகையோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருகியது. அன்றைய அமெரிக்க அரசியலில் நிலம் என்றால் தீராத செல்வம். ஓரிடத்தில் மண் செத்தால் அடுத்த இடத்துக்கு நகரலாம் என்பதே பொதுவான எண்ணம். நகர்ந்து போனவர்கள் விட்டுச் சென்ற ஊரில் இருந்துகொண்டு மோரில் இதைப் பார்த்தார். நிலம் தீரும் என்பது அவருக்குக் கண்ணெதிரே நடந்த கணக்கு.

இங்கே ஒரு மறுப்பு எழும். கடை நடத்திச் சேர்த்த பணத்தில் வீடு கட்டிக்கொண்டு ஏழாண்டு தோட்டம் போட்டவரை உழவர் என்று அழைக்கலாமா? ஸ்ட்ராஃபோர்டில் அவர் கட்டிய வீடு இன்றும் நிற்கிறது. மணற்கல்போலத் தோன்றும்படி இளஞ்சிவப்புப் பூசிய பதினேழு அறை வீடு, கூம்புக் கூரைகள், செதுக்கிய மர விளிம்புகள், சுற்றிலும் பழத்தோட்டமும் களஞ்சியமும். பெரும்பாலும் அவரே புத்தகங்களைப் பார்த்துத் திட்டமிட்டது. கடன்பட்ட பக்கத்துத் தோட்டக்காரனின் மரக்குடிசையோடு இதை ஒப்பிடவே முடியாது. மறுப்பில் உண்மை இருக்கிறது. மோரில் வயிற்றுக்காக உழுதவர் அல்லர். ஆனால் அந்த உண்மை என் வாதத்தை அசைக்கவில்லை, கூர்மைப்படுத்துகிறது. வயிற்றுக்காக மட்டும் உழுதவருக்குத் தன் மண் ஏன் மெலிகிறது என்று ஆராய நேரமில்லை. கடை மட்டும் நடத்தியவருக்கு அது கவலையில்லை. மோரிலுக்கு இரண்டு பக்கமும் தெரியும். மரம் நட்டுக் காய்க்கக் காத்திருந்த ஏழாண்டு, பேரேட்டில் பார்த்த முதலுக்கும் வட்டிக்கும் மண்ணில் என்ன பொருள் என்று காட்டியது. புத்தகத்தில் படித்ததைத் தோட்டத்தில் சோதித்தபோது, சாதாரண உழவனுக்கு இப்படிச் சோதித்துச் சொல்ல ஆளில்லை என்பதும் விளங்கியிருக்க வேண்டும். கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு வழியில்லாமல் போன கொல்லர் மகனுக்கு அந்தக் குறை சிறிய குறையாகத் தெரிந்திருக்காது.

1854இல் நண்பர்கள் அவரைப் பிரதிநிதிகள் சபைக்கு நிறுத்தினார்கள். அடிமை முறை பரவுவதை எதிர்த்த விக் கட்சிக்காரராகப் போட்டியிட்டு, வெறும் 59 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அவ்வளவு சிறிய விளிம்பில் தொடங்கிய அரசியல் வாழ்க்கை 1898 டிசம்பரில் அவர் இறக்கும் வரை, இரு சபைகளிலுமாக ஏறத்தாழ 44 ஆண்டுகள், இடைவெளியின்றி நீண்டது. 1857 டிசம்பரில் கல்லூரி நில மசோதாவை முதல்முறை கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அதை ஆதரித்துப் பேசியபோது அவர் அடுக்கிய சான்றுகள் பெரும்பாலும் மண்ணைப் பற்றியவை. 1840க்கும் 1850க்கும் இடையில் நியூ இங்கிலாந்தின் கோதுமையும் உருளைக்கிழங்கும் ஏறக்குறையப் பாதியாகச் சரிந்ததை எடுத்துக் காட்டினார். ஐரோப்பிய அரசுகள் உழவுப் பள்ளிகள் நடத்துவதைச் சுட்டினார். இருப்புப்பாதைக்கும் போர்வீரருக்கும் நிலம் தந்த அரசு, அந்த நிலத்தை உழுகிறவனின் அறிவுக்கு ஏன் ஒரு துண்டு தரக் கூடாது என்பதே பேச்சின் சாரம். பிரதிநிதிகள் சபையில் மசோதா 105க்கு 100 என்று தப்பியது. செனட் சபையில் 25க்கு 22. இரண்டு சபையிலும் மயிரிழை வெற்றி. 1859 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் புக்கானன் அதைத் தடுத்துத் திருப்பி அனுப்பினார். கருவூலத்துக்கு இழப்பு, மாநிலங்களின் உரிமையில் தலையீடு, புதிய மாநிலங்களில் நில விலை சரியும், அரசியல் சட்டம் இடம் தரவில்லை என்று காரணங்களை வரிசைப்படுத்தினார். தென் மாநிலத்தாரின் அச்சம் வேறு: மத்திய அரசு இன்று பள்ளிக்குள் வந்தால் நாளை அடிமை முறைக்குள்ளும் கை நீட்டும். போர் மூண்டு அவர்கள் வெளியேறிய பிறகுதான் வழி திறந்தது. அப்போதும் பிரதிநிதிகள் சபையின் நிலக் குழு மசோதாவை நிராகரிக்கப் பரிந்துரைத்தது. ஒஹையோவின் பெஞ்சமின் வேடு அதைச் செனட் சபை வழியாகக் கொண்டுபோனார். அங்கே 32க்கு 7, பிரதிநிதிகள் சபையில் 90க்கு 25 என்று நிறைவேறியது.

சட்டத்தின் உள்கட்டமைப்பைப் பார்த்தால் நான் சொல்லும் விதை விதி எங்கே இருக்கிறது என்பது தெரியும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் நாடாளுமன்றத்தில் உள்ள ஓர் உறுப்பினருக்கு 30,000 ஏக்கர் வீதம் நிலம். விற்று வரும் பணத்தை ஆண்டுக்கு ஐந்து சதவீதமாவது தரும் பத்திரங்களில் போட வேண்டும். அந்த முதல் என்றென்றும் குறையாமல் இருக்க வேண்டும். ஏதாவது காரணத்தால் குறைந்தால் மாநிலம் தன் கருவூலத்திலிருந்து நிரப்ப வேண்டும். வட்டியை மட்டுமே கல்லூரிக்குச் செலவிடலாம். முதல்தொகையில் பத்தில் ஒரு பங்கை வேண்டுமானால் கல்லூரிக்கான இடமோ சோதனைப் பண்ணையோ வாங்கப் பயன்படுத்தலாம். கட்டடம் கட்டவோ பழுது பார்க்கவோ ஒரு காசும் தொடக் கூடாது. நிலத்தை நிர்வகிக்கும் செலவும் விற்கும் செலவும் மாநிலத்தின் பொறுப்பு. ஐந்து ஆண்டுக்குள் கல்லூரி அமைக்காவிட்டால் கொடை திரும்பிப் போகும். ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். வாக்குக் கேட்டு வாழும் அரசியல்வாதிக்குக் கட்டடம்போல் இனிப்பானது எதுவும் இல்லை. அடிக்கல்லில் பேர் பொறிக்கலாம். மோரில் அந்த வாசலையே அடைத்தார். கட்டடம் வேண்டுமானால் ஊரும் மாநிலமும் தம் கையிலிருந்து போடட்டும், அப்போதுதான் அவர்களுக்குப் பொறுப்பு வரும் என்ற கணக்கு இதில் இருக்கிறது. பஞ்ச காலத்திலும் குதிரின் ஒரு மூலையைக் கட்டிவைத்துவிட்டு மீதியில் அரைவயிறு உண்ணும் உழவுக் குடும்பத்தின் ஒழுங்கு இது. கற்பிக்க வேண்டியதையும் அவர் குறுக்கவில்லை. உழவும் தொழிற்கலையும் முதன்மை. ஆனால் பிற அறிவியலும் இலக்கியமும் விலக்கப்படக் கூடாது என்று சட்டமே சொன்னது. போர்க் காலம் என்பதால் படைப்பயிற்சியும் சேர்ந்தது.

இந்த எண்ணம் மோரிலுடையதே அல்ல என்று வாதிடுவோர் உண்டு. இல்லினாய்சின் ஜோனத்தன் பால்ட்வின் டர்னர் என்ற பேராசிரியர் 1850களின் தொடக்கத்திலேயே உழைக்கும் மக்களுக்கான பல்கலைக்கழகம் வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 1853இல் இல்லினாய்ஸ் சட்டமன்றம் அதற்காக மத்திய நிலக்கொடை கேட்டுத் தீர்மானமும் போட்டது. மிச்சிகனும் பென்சில்வேனியாவும் 1855இலேயே உழவுக் கல்விக்கூடங்களுக்குச் சட்டம் இயற்றிவிட்டன. எனவே கல்லூரி என்ற கருத்துக்கு மோரிலை மூலவர் என்று சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை. கருத்து ஊரெல்லாம் பேச்சாக இருந்தது, அதைச் சட்டமாக்கும் உத்திதான் இல்லாமல் இருந்தது. இல்லினாய்ஸ் தீர்மானம் எல்லா மாநிலத்துக்கும் சம பங்கு கேட்டது. மோரில் உறுப்பினர் எண்ணிக்கைப்படி பங்கிட்டார். மக்கள் நெருக்கமான நியூயார்க், பென்சில்வேனியா போன்ற கிழக்கு மாநிலங்களுக்கு இதில் கொள்ளை லாபம். வாக்குகளும் அங்கேதான் இருந்தன. மேற்கு மாநிலத்தார் கொதித்தார்கள். தங்கள் மண்ணைத் தொலைதூரத்துத் தரகர்கள் வளைத்துப் போடுவார்கள், பணம் கிழக்கின் கல்லூரிக்குப் போகும் என்ற அவர்களின் குற்றச்சாட்டு நியாயமானது. எந்த ஒரு மாநிலத்துக்குள்ளும் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் இப்படி எடுக்கக் கூடாது என்ற வரம்பு சட்டத்தில் இடம்பெற்றது. உழவர் மோரிலோடு அரசியல்வாதி மோரில் சேர்ந்த இடம் இது. அந்தச் சேர்க்கைக்கு விலையும் இருந்தது.

விலை எப்படிப்பட்டது என்பதை ஒரு காகிதத் துண்டு காட்டும். தன் எல்லைக்குள் அரசு நிலம் இல்லாத மாநிலத்துக்கு நிலச்சீட்டு கொடுக்கப்பட்டது. ஒரு சீட்டுக்கு 160 ஏக்கர். ஆனால் ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்துக்குள் நிலச் சொந்தக்காரர் ஆகக் கூடாது என்பதால், சீட்டைத் தனியாருக்கு விற்றே தீர வேண்டும். எல்லா மாநிலமும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தன. அரசு நிலத்தின் விலை ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர் என்று இருக்க, ரோட் ஐலண்டு தன் 1,20,000 ஏக்கர் சீட்டை ஏக்கருக்கு சுமார் 41 சென்ட் வீதம் தள்ளிவிட்டது. கிளீவ்லாந்து தரகர் ஒருவரின் கையில் மட்டும் லட்சக்கணக்கான ஏக்கர் குவிந்தது. மாறாக, நியூயார்க்கில் எஸ்ரா கார்னெல் மாநிலத்தின் ஏறத்தாழ 9,90,000 ஏக்கர் சீட்டில் பெரும்பகுதியைத் தாமே வாங்கினார். விஸ்கான்சினில் நல்ல பைன் காடுகளாகப் பார்த்துத் தேர்ந்து, வரி கட்டிக் காத்து, விலை ஏறும் வரை பொறுத்திருக்க ஏற்பாடு செய்தார். அதிலிருந்து கார்னெல் பல்கலைக்கழகத்துக்குக் காலப்போக்கில் 50 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. ஒரே சட்டம், ஒரே வகைச் சீட்டு. பொறுமைக்கு ஏற்ற பலன். முதலைச் செலவழிக்காமல் காவல் வைத்த மோரில், முதலை அடிமாட்டு விலைக்கு விற்பதைத் தடுக்கவில்லை. இது சட்டத்தின் மெய்யான பலவீனம். ஆனாலும் மலிவாக விற்ற மாநிலத்திலும் கிடைத்த சிறு தொகை தின்று தீர்க்கப்படாமல் நின்றது. மொத்தம் 1.74 கோடி ஏக்கர் தந்த இந்தத் திட்டத்தில் கல்லூரிகள் பல தட்டுத் தடுமாறியேனும் உயிரோடு இருந்ததற்கு அதுவே காரணம்.

உழவர்களே இந்தக் கல்லூரிகளை விரும்பவில்லையே என்ற மறுப்பு இன்னும் கனமானது. மசோதா விவாதத்திலேயே மின்னசோட்டா உறுப்பினர் ஒருவர், எங்களுக்கு அலங்கார உழவர்கள் வேண்டாம் என்ற பொருளில் பேசினார். கல்லூரிகள் தொடங்கிய பிறகும் முதல் இருபது ஆண்டு நிலைமை சோர்வூட்டுவதாகவே இருந்தது. உழவுப் பாடத்துக்கு மாணவர் சேரவில்லை. சேர்ந்தவர் பட்டத்தோடு நகரத்துக்குப் போனார்கள். கிரேஞ்ச் என்ற உழவர் சங்கம், எங்கள் பெயரால் வந்த பணத்தில் வேறு யாரோ படிக்கிறார்கள் என்று குரல் எழுப்பியது. கனெக்டிகட்டில் யேல் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த நிதியை 1893இல் சட்டமன்றம் ஸ்டோர்ஸ் கிராமத்தின் உழவுக் கல்லூரிக்கு மாற்றியது அந்தக் குரலால்தான். ஆனால் தோல்விக்குக் காரணம் என்ன? கற்பிக்க ஆள் திரட்டினார்கள், கற்பிப்பதற்கான அறிவு இன்னும் உருவாகவில்லை. எந்த மண்ணுக்கு எந்த உரம், எந்தக் கால்நடை நோய்க்கு என்ன காரணம் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாதபோது பேராசிரியர் எதைச் சொல்வார்? 1887இல் வந்த ஹாட்ச் சட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் ஆய்வுப் பண்ணைக்கு ஆண்டுக்கு 15,000 டாலர் தந்தது. 1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் அந்த அறிவை வயலுக்கே கொண்டுபோகும் விரிவாக்கப் பணியைத் தொடங்கியது. படிப்பு, ஆய்வு, விரிவாக்கம் என்ற மூன்றும் கூட ஐம்பத்திரண்டு ஆண்டு ஆயிற்று. முதல் கரைந்து போயிருந்தால் அந்த ஐம்பத்திரண்டு ஆண்டைத் தாங்க நிறுவனங்களே இருந்திருக்காது. விளைச்சல் வராத பருவத்திலும் விதையைக் காப்பது எதற்காக என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த விதை எல்லா வயலிலும் விழவில்லை என்பதும் உண்மை. போருக்குப் பிறகு தென் மாநிலங்களும் பங்கு பெற்றன. ஆனால் அங்கே நிதி பெரும்பாலும் வெள்ளையர் மட்டுமே நுழையக்கூடிய கல்லூரிகளுக்குப் போனது. மிசிசிப்பியின் ஆல்கார்ன் போன்ற சில விதிவிலக்குகளே இருந்தன. மோரில் 1870களிலிருந்தே கூடுதல் நிதிக்கு மீண்டும் மீண்டும் மசோதா கொண்டுவந்தார். அது 1890 ஆகஸ்டில், அவருடைய எண்பதாவது வயதில் நிறைவேறியது. நிறத்தைப் பார்த்து மாணவரைத் தள்ளும் கல்லூரிக்குப் பணம் இல்லை என்றது அந்த இரண்டாவது சட்டம். ஆனால் கறுப்பின மாணவர்களுக்குத் தனிக் கல்லூரி நடத்தி நிதியை நியாயமாகப் பங்கிட்டால் போதும் என்று ஒரு பின்வாசலும் வைத்தது. தென் மாநிலங்கள் அந்த வாசலையே தேர்ந்தன. நியாயமான பங்கோ பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. பின்வாசல் வைத்ததற்காக மோரிலைக் குறை சொல்லலாம். அது இல்லாமல் அன்றைய செனட் சபையில் சட்டமே வந்திருக்காது என்று பதிலும் சொல்லலாம். அடிமையாகப் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1890களில் அயோவாவின் நிலக்கொடைக் கல்லூரியில் சேர்ந்து பட்டமும் மேற்பட்டமும் பெற்றார். பிறகு அலபாமாவின் டஸ்கீகிக்குப் போய், பருத்தி தின்று மெலிந்த மண்ணுக்கு நிலக்கடலையும் தட்டைப்பயறும் மருந்து என்று ஏழைக் குடியானவர்களுக்குச் சொன்னார். கதவு முழுக்கத் திறந்திருந்தால் எத்தனை கார்வர்கள் வந்திருப்பார்கள் என்று எண்ணும்போதுதான், மூடியிருந்த கதவின் இழப்பு எவ்வளவு பெரிது என்பது உறைக்கிறது.

இனி எல்லாவற்றிலும் கடுமையான கேள்வி. விதைநெல்லைக் காத்தார் சரி. அந்த நெல் யாருடைய குதிரிலிருந்து வந்தது? அரசு நிலம் என்று சட்டம் சொன்ன மண் ஒருநாளும் வெற்று மண்ணாக இருக்கவில்லை. 2020இல் ஹை கன்ட்ரி நியூஸ் இதழ் ஒரு பெரும் ஆய்வை வெளியிட்டது. சட்டத்தின்படி கொடுத்த நிலத்தில் ஒரு கோடியே ஏழு லட்சம் ஏக்கரைத் துண்டு துண்டாகத் தேடி, அவை ஏறத்தாழ 250 பழங்குடிச் சமூகங்களிடமிருந்து வந்தவை என்று அது காட்டியது. கலிஃபோர்னியாவில் 1850களின் தொடக்கத்தில் பழங்குடிகளோடு செய்த 18 உடன்படிக்கைகளைச் செனட் சபை ஏற்க மறுத்தது. அந்த மண்ணும் எந்த ஒப்பந்தமும் இல்லாமல் நிலச்சீட்டுக்காரர் கைக்குப் போனது. மின்னசோட்டாவில் டகோட்டா மக்கள் 1851இல் பெரும் பரப்பை மிகச் சொற்பத் தொகைக்கு விட்டுக்கொடுக்க வைக்கப்பட்டார்கள். லிங்கன் கையெழுத்திட்ட அதே கோடையில், வர வேண்டிய பணம் வராமல் பட்டினியில் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். டிசம்பர் 26 அன்று மங்கேட்டோ நகரில் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தக் காலத்தில் யாருமே அப்படி யோசிக்கவில்லை, இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாது என்று இதற்குப் பதில் சொல்வார்கள். அந்தப் பதில் எனக்கு ஏற்புடையதாக இல்லை. நிலம் பறிபோவது அநீதி என்று அந்தக் காலத்திலேயே டகோட்டாக்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களும் அந்தக் காலத்து மனிதர்களே. அடிமை முறையை அநீதி என்று கண்டு கட்சி தேர்ந்த மோரிலுக்கு இதைக் காண்பது முடியாத காரியம் அல்ல. ஸ்ட்ராஃபோர்டின் மண் தீர்ந்துபோவதைக் கண்டவர், மேற்கின் மண்ணைத் தீராத பொது இருப்பு என்று நம்பியதில்தான் அவருடைய பார்வை தவறியது. தீர்ந்தது வேறொருவருடைய மண் என்பதால் அது அவருடைய பேரேட்டில் ஏறவில்லை.

அப்படியானால் சட்டம் முழுவதையும் குற்றமென்று ஒதுக்கிவிடலாமா? விளைவுகளின் எல்லையைப் பார்த்தால் அதுவும் பொருந்தாது. டர்னர் கனவு கண்ட இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம், ஒரு நூற்றாண்டுக்குப் பின் இமயமலை அடிவாரத்தில் பந்த்நகர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1960இல் உருவாகத் துணை நின்றது. படிப்பும் ஆய்வும் விரிவாக்கமும் ஒரே கூரையில் என்ற அந்த அமைப்பை இந்திய மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஏற்றன. கோயம்புத்தூரின் பழைய வேளாண் கல்லூரி 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்ததும் அந்த வரிசையில்தான். நெல்லுக்கும் கரும்புக்கும் பரிந்துரை கேட்டு ஆய்வுப் பண்ணைக்குப் போகும் நம் உழவருக்கு மோரில் என்ற பெயர் தெரியாமல் இருக்கலாம். அவர் காத்த விதையின் ஒரு மணி அங்கும் முளைத்திருக்கிறது. இவ்வளவு பரவியதை அழிக்க முடியாது, அழிக்க வேண்டியதும் இல்லை. கேட்க வேண்டியது கணக்கு.

உழவுக் குடும்பங்களில் விதையைப் பற்றி இரண்டு விதிகள் உண்டு. விதைக்கு வைத்ததைத் தின்னாதே என்பது ஒன்று. பக்கத்து வீட்டுக் குதிரிலிருந்து விதைக்கு வாங்கியிருந்தால், அறுவடையில் முதல் வேலையாக வாங்கியதைவிடக் கூடுதலாக அளந்து திருப்பிக் கொடு என்பது மற்றொன்று. மோரில் முதல் விதியைச் சட்டமாக்கினார். அதனால் அவர் கல்லூரிகள் 160 ஆண்டு கடந்து நிற்கின்றன. இரண்டாவது விதியை எழுதவில்லை. 1994இல்தான், முதல் சட்டத்துக்கு 132 ஆண்டுகள் கழித்து, பழங்குடிகளுக்கான 29 கல்லூரிகளுக்கு நிலக்கொடைக் கல்லூரி என்ற தகுதி கிடைத்தது. அப்போது நிலம் தரப்படவில்லை. ஒரு நிதி வைக்கப்பட்டது. அதன் முதலையும் தொடக் கூடாது, வட்டியை மட்டுமே செலவிடலாம். கொல்லர் மகன் எழுதிய பழைய விதி அங்கும் வேலை செய்கிறது. ஆனால் களத்தில் குவிந்திருக்கும் அம்பாரத்தைப் பார்க்கிறவருக்குத் தெரியும்: திருப்பி அளந்தது இதுவரை ஒரு மரக்கால்தான்.